பழைய கார்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மாமாவின் 1967 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை விற்கப்போகிறார்கள். நான் வாங்கலாமா என்று யோசிக்கிறேன், வீட்டில் சண்டை. பழைய கார்களில் ஓர் உயிர் இருந்தது. இரும்பும் இரும்பாக இருந்தது. இன்றைய கார்கள் லேசாக இடித்தாலே நசுங்குகின்றன, எல்லாவற்றுக்கும் ஒரே முகம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சு.

அன்புள்ள சு.,

சில நாட்களாக நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

முதலில் அந்த இரும்புக் கதை. தயவுசெய்து இனி யாரிடமும் இதைச் சொல்லாதீர்கள். 2009-ல் அமெரிக்காவில் 1959-ம் வருட செவர்லே பெல் ஏரையும் 2009-ம் வருட செவர்லே மாலிபுவையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே மோதவிட்டார்கள். பெல் ஏரில் ஓட்டுநர் உட்காரும் இடமே மடங்கிப்போனது. சோதனைக்காக உட்காரவைத்த பொம்மைக்குப் பதில் ஆள் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவில் காலில் அடி, அவ்வளவுதான். முன்பக்கம் நசுங்குகிறதே என்று வருத்தப்படுகிறீர்கள். அது நசுங்காவிட்டால் அந்த விசை உங்கள் நெஞ்சுக்கு வரும். உங்கள் பீட்டிலில் பெட்ரோல் டாங்க் எங்கே இருக்கிறது தெரியுமா? முன்பக்க மூடிக்குக் கீழே, உங்கள் கால்களுக்கு எதிரில்.

ஒரே முகம் என்பதை விட்டுவிடுவோம். எல்லா கார்களும் அதே காற்றைத்தான் கிழிக்க வேண்டும், வடிவமும் ஒன்றுபோலத்தான் வரும்.

உயிர் என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். என் அம்மாவுக்கு கார் ஓட்டத் தெரியாது. ஆனால் காலையில் அப்பா, குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்யும்போது உள்ளேயிருந்தே குரல் கொடுப்பாள்: "ஒரு பிளக் அடிக்கல பாருங்க." அப்பா பானட்டைத் திறந்து, சிலிண்டர்களில் பெட்ரோலைப் பற்றவைக்கும் அந்தப் பிளக்குகளைக் கழற்றுவார். ஒன்றில் கரி பிடித்திருக்கும். துடைத்து, பொறி பாயும் முனையின் இடைவெளியைச் சரிபார்த்துப் போட்டால் எஞ்சின் ஒரே சீராக ஓடும். அம்மா காதில் கேட்டது உயிர் இல்லை சு., தகவல். அந்தக் கார் தன் கோளாறை வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது.

இப்போது என் காருக்கு வருகிறேன். போன மாதம் டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது. பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாவிட்டாலும் அது எரியலாம், ஒரு சிலிண்டர் எரியாவிட்டாலும் எரியலாம். ஒர்க்‌ஷாப்பில் பையன் ஒரு கருவியைச் செருகினான். "பி0301" என்று வந்தது. முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். அம்மா சொன்னதேதான், எத்தனையாவது சிலிண்டர் என்பதையும் சேர்த்து!

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் போய், அளந்து பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. குளிர்ந்த காலையில் சோக்கோடு மல்லுக்கட்டியவன் யாரும் வருத்தப்பட மாட்டான். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லா கார்களிலும் இந்தக் கோளாறுக் குறியீட்டைப் படிக்க ஒரே மாதிரி சாக்கெட் கட்டாயம், ஆக விஷயம் ரகசியமும் இல்லை. பழைய காரைவிடப் புதிய காருக்குத் தன்னைப் பற்றி நூறு மடங்கு அதிகம் தெரியும். ஆனால் உரிமையாளரிடம் ஒரு விளக்கை மட்டும் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. நோயாளியைத் தவிர எல்லோரிடமும் நோயைச் சொல்லும் டாக்டர் மாதிரி. பாட்டு ஓடும்போது ஆல்பத்தின் படத்தைக் காட்டத் தெரிந்த அந்தப் பெரிய திரைக்கு "முதல் சிலிண்டர் எரியவில்லை" என்று ஒரு வரி காட்ட முடியாதா? முடியும். வேண்டாம் என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். நாம் அதைக் கேட்காமல், பழைய கார்களில் உயிர் இருந்தது என்று உருகிக்கொண்டிருக்கிறோம்.

சரி, பீட்டில். வாங்குங்கள், ஆனால் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். பெட்ரோல் ரப்பர் குழாய்களை முதல் நாளே மாற்றுங்கள், பழைய குழாயில் விரிசல் விட்டு, பெட்ரோல் கசிந்து தீப்பிடித்த பீட்டில்கள் உண்டு. அப்புறம், பணம் கொடுக்கும் முன் பின் சீட்டைத் தூக்கி, பேட்டரிக்கு அடியில் துருப்பிடிக்காத தரை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.