சியோலிலிருந்து ஒரு நாள் குளிர்காலச் சுற்றுலா: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: ஜனவரி இரண்டாவது வாரம் குடும்பத்தோடு சியோல் போகிறோம். நான், கணவர், ஏழு வயது மகன், 68 வயது மாமியார். வழிகாட்டியோடு பஸ்ஸில் போய் வரும் ஒரு நாள் டூர் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் நாமி தீவு, பெத்தீத் பிரான்ஸ் (பிரெஞ்சு கிராமம் மாதிரி கட்டிய சுற்றுலா இடம்), ரயில் பைக், விளக்குத் தோட்டம் என்று நான்கு இடங்கள்; தலைக்கு 49,000 வொன். இன்னொன்றில் நாமி தீவும் விளக்குத் தோட்டமும் மட்டும். தலைக்கு 82,000 வொன். நான்கு இடம் காட்டுபவர்கள் குறைவாகவும், இரண்டு இடம் காட்டுபவர்கள் அதிகமாகவும் கேட்கிறார்களே, இதில் ஏதாவது ஏமாற்று இருக்கிறதா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு விலையும் ஒரே பொருளுக்கான விலை இல்லை. இடங்களை எண்ணுவதை விட்டுவிட்டு மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும்.

இந்த டூர் பஸ்கள் பெரும்பாலும் காலை ஏழரை, எட்டு மணிக்கு ஹோங்டே, மியோங்டாங், டோங்டேமுன் போன்ற மெட்ரோ நிலைய வாசல்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும். இரவு ஏழரை, எட்டரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும். ஆக உங்கள் கையில் இருப்பது சுமார் 12 மணி நேரம். சியோலுக்கும் நாமி தீவுக்கும் இடையே சுமார் 63 கிலோமீட்டர். வார நாளில் ஒன்றரை மணி நேரம் ஆகும். சனிக்கிழமை என்றால் சியோல் ஊரே கிழக்கே கிளம்பியதுபோல் நெடுஞ்சாலை நிறைந்துவிடும், இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். அங்கிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் நடுவே அரை மணி, முக்கால் மணி. திரும்பும் பயணத்தையும் சேர்த்தால் ஐந்து மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் வையுங்கள். மீதி ஆறு மணி நேரத்தை நான்கு இடங்களுக்குப் பிரித்தால் இடத்துக்கு ஒன்றரை மணி. அதிலும் நாமி தீவுக்குப் படகில் போக வேண்டும். படகுப் பயணம் ஐந்து நிமிடம்தான், ஆனால் போகவும் வரவும் வரிசையில் நிற்க வேண்டும். வயதானவரையும் சின்னப் பையனையும் வைத்துக்கொண்டு இப்படி ஓடுவது சிரமம்.

அடுத்தது, 49,000 வொன்னுக்குள் என்னென்ன அடங்கும் என்பது. விளம்பரத்தின் கீழே 'சேர்ந்தவை', 'சேராதவை' என்று இரண்டு பட்டியல் இருக்கும். விலை குறைவாகத் தெரியும் டூர்கள் பலவற்றில் பஸ்ஸும் வழிகாட்டியும் மட்டுமே சேர்ந்திருக்கும். தீவின் நுழைவுக் கட்டணம் (படகு அதில் அடக்கம்), பெத்தீத் பிரான்ஸ் டிக்கெட், ரயில் பைக், தோட்டத்து டிக்கெட் எல்லாம் அங்கே போய்க் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். நான்கு டிக்கெட், நான்கு பேர் என்று பெருக்கிப் பாருங்கள், 82,000 அவ்வளவு அதிகமாகத் தெரியாது. இன்னொன்றும் பாருங்கள். மிகக் குறைந்த விலை டூர்களில் ஜின்செங் மூலிகைக் கடை, அமெதிஸ்ட் கல் கடை, அழகுசாதனக் கடை என்று ஏதாவது ஒரு நிறுத்தம் ஒளிந்திருக்கலாம். 'ஷாப்பிங் நிறுத்தம் உண்டா?' என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது இடங்களுக்கு வருவோம். நாமி 1944-இல் சொங்பியோங் அணை கட்டியபோது ஆற்றுநீர் உயர்ந்து தீவாகிப்போன நிலம். 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தளபதி நாமியின் பெயரைச் சுமக்கிறது. 2002-இல் வந்த ஒரு தொலைக்காட்சித் தொடரால் உலகப் புகழ் பெற்றது. நீளமான மெட்டாசெகோயா மரவரிசை, உட்கார்ந்து சூடேற்றிக்கொள்ள அங்கங்கே நெருப்பு, உள்ளே உட்கார காபிக் கடைகள் எல்லாம் உண்டு. தரை பெரும்பாலும் சமதளம் என்பதால் உங்கள் மாமியாருக்கு இதுதான் ஏற்ற இடம். இரண்டரை, மூன்று மணி நேரமாவது இங்கே இருக்க வேண்டும். பாதையில் உறைந்த நீர் வழுக்கும், பிடிப்புள்ள காலணி அவசியம்.

ரயில் பைக் நல்ல அனுபவம்தான். சியோல்-சுன்சியோன் இரட்டை ரயில்பாதை 2010-இல் திறந்தபோது கைவிடப்பட்ட பழைய தண்டவாளத்தில், நாமே மிதித்துப் போகும் நான்கு சக்கர வண்டி அது. ஆனால் ஜனவரியில், திறந்த வண்டியில், ஆற்றங்கரைக் காற்று முகத்தில் அறைய முக்கால் மணி நேரம் போவதை மாமியாருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஏப்ரல், அக்டோபரில் போகிறவர்களுக்கு அது அருமையாக இருக்கும்.

'மார்னிங் காம்' என்று விளம்பரங்களில் வரும் விளக்குத் தோட்டம்தான் இந்த நாளின் உச்சம். 1996-இல் ஒரு தோட்டக்கலைப் பேராசிரியர் உருவாக்கியது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை மரம், செடி, பாலம் எல்லாவற்றிலும் விளக்கு கட்டியிருப்பார்கள். இருட்டினால்தான் அது தோட்டம். வெளிச்சத்தில் பார்த்தால் வெறும் கிளையும் வயரும்தான். நீங்கள் போகும் வாரத்தில் சியோல் பக்கம் சூரியன் மறைவது மாலை ஐந்தரைக்கு. நன்றாக இருட்ட ஆறு மணி ஆகும். சில ஆண்டுகளுக்கு முன் நான் போன ஒரு டூரில் 5:40-க்கு பஸ்ஸுக்கு வந்துவிடச் சொன்னார்கள். வானம் நீலம் மாறி விளக்குகள் எழும்பி வந்த அதே நேரத்தில் நாங்கள் வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை. அதனால் நீங்கள் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: 'விளக்கு எரியத் தொடங்கிய பிறகு தோட்டத்துக்குள் எவ்வளவு நேரம் தருவீர்கள்?' ஒரு மணி நேரத்துக்குக் குறைவென்றால் வேண்டாம். தோட்டம் மலைச்சரிவில் இருக்கிறது, ஏற்ற இறக்கம் உண்டு. மாமியாருக்கு முடியாவிட்டால் கீழ்ப்பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆக, 82,000 வொன்னில் இரண்டு நுழைவுக் கட்டணமும் சேர்ந்திருந்தால் அதையே எடுங்கள். வார நாளில் எடுங்கள். பணம் கட்டும்போது ரூபாயிலா வொன்னிலா என்று திரையில் கேட்டால் வொன்னைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் விற்பவர் பக்கத்து மாற்று விகிதம் உங்கள் தலையில் விழும். நம் ஊர் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. அதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: விளம்பரப் படங்களில் எல்லாம் வெள்ளை வெளேரென்று பனி. பிப்ரவரியில் போனால் கட்டாயம் பனி இருக்குமா? இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவார்களா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: திருப்பித் தரமாட்டார்கள், அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொரியாவில் குளிர் உறுதி, பனி உறுதியில்லை. குளிர்காலத்தில் சைபீரியா பக்கமிருந்து வீசும் காற்று வறண்ட காற்று. அந்நாட்டு மழையில் பாதிக்கு மேல் கோடையில்தான் பெய்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் பளிச்சென்ற நீல வானமும் மைனஸ் பத்து டிகிரிக் குளிரும் இருக்கும், கீழே தரையோ காய்ந்த புல்லாக இருக்கும். விளம்பரத்துக்குப் படம் எடுப்பவர் பனி பெய்த மறுநாள் காலை போய் எடுத்தது அது.

பனியைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் ஸ்கீ (பனிச்சறுக்கு) மைதானம் சேர்ந்த டூரை வாங்குங்கள். அங்கே இரவெல்லாம் இயந்திரத்தால் பனி தூவி வைப்பார்கள். டிசம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் தொடக்கம் வரை பொதுவாகப் பருவம். சியோலிலிருந்து ஒரு நாளில் போய்வருவதற்கு ஹோங்சொன் பக்கத்து விவால்டி பார்க், சுன்சியோன் பக்கத்து எலிசியன் காங்சொன் இரண்டும் வழக்கமானவை.

ஸ்கீ டூரில்தான் 'சேராதவை' பட்டியல் மிக நீளம். ஸ்கீ கட்டைகளும் காலணியும் சேர்ந்திருக்கும். மேலாடை, கண்ணாடி, கையுறை, லிஃப்ட் டிக்கெட், பயிற்சி இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கலாம். கையுறையைப் பல இடங்களில் வாடகைக்கே தருவதில்லை, விலைக்குத்தான் வாங்க வேண்டும். சாதாரண கம்பளிக் கையுறை அரை மணியில் நனைந்துவிடும். இங்கிருந்தே நீர் புகாத கையுறை வாங்கிப் போங்கள். பயிற்சி என்று போட்டிருந்தால் எத்தனை பேருக்கு ஓர் ஆசிரியர், எந்த மொழியில் என்று கேளுங்கள்.

வாழ்க்கையில் முதல்முறை பனியைப் பார்க்கிறவர்களுக்கு என் யோசனை வேறு. ஸ்கீ வேண்டாம், சறுக்குவண்டி டிக்கெட் வாங்குங்கள். காற்றடைத்த டயர் மாதிரி ஒன்றில் உட்கார்ந்து சரிவில் வழுக்கி வருவது. விலை குறைவு, பயிற்சி தேவையில்லை, குழந்தையும் பெரியவரும் ஒன்றாகச் சிரிக்கலாம். விவால்டி பார்க்கில் இதற்கென்றே ஸ்னோவிலேண்ட் என்று தனி இடம் இருக்கிறது. ஸ்கீதான் என்று முடிவு செய்தால், உங்கள் பயணக் காப்பீட்டுப் பத்திரத்தில் பனிச்சறுக்கு விபத்து சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல பாலிசிகள் சாகச விளையாட்டுகளை விலக்கி வைத்திருக்கும், கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் சேரும்.

கேள்வி: போன ஜனவரியில் ஓர் இணையதளம் மூலம் டூர் பதிவு செய்தேன். முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு 'ஆட்கள் சேரவில்லை, ரத்து' என்று மின்னஞ்சல் வந்தது. பணம் வந்துவிட்டது, ஆனால் அந்த நாள் வீணாகிப்போனது. இதற்கு இழப்பீடு கேட்கலாமா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: நீங்கள் பதிவு செய்தபோது ஒப்புக்கொண்ட நிபந்தனைகளைத் தேடி எடுங்கள். 'குறைந்தபட்சம் இத்தனை பேர் சேர்ந்தால்தான் புறப்படும்' என்ற வரியும், சேராவிட்டால் எத்தனை நாளுக்கு முன் சொல்வார்கள் என்ற வரியும் இருக்கும். இரண்டு நாள் முன்பே சொல்வதாக எழுதியிருந்து முந்தைய மாலை சொன்னால், அது அவர்கள் மீறியது. அதைச் சுட்டி இழப்பீடு கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. 'முந்தைய நாள் வரை அறிவிக்கலாம்' என்று எழுதியிருந்தால் வாதிடுவது கடினம்.

அந்த இணையதளம் இந்தியர்களுக்குத் தொடர்ந்து விற்கிறது என்றால், வெளிநாட்டு நிறுவனமாக இருந்தாலும் நம் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் அதற்கும் பொருந்தும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கும் போடலாம். பணமே திரும்பி வராத வாசகர்கள் முதலில் கார்டு கொடுத்த வங்கியிடம் பரிவர்த்தனையை மறுத்து எழுதுங்கள். சின்னத் தொகைக்கு அதுதான் சீக்கிரம் பலன் தருவது.

கொரியாவில் இருக்கும்போதே தகராறு வந்தால் 1330 என்ற சுற்றுலா உதவி எண்ணை அழையுங்கள். நாள் முழுவதும் இயங்குகிறது, ஆங்கிலத்தில் பேசலாம். நான் எப்போதும் சொல்வது: டூரைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள். ரத்தானால் மறுநாள் வேறொன்றில் போக ஒரு நாளாவது கையில் இருக்க வேண்டும்.

ஒரே பஸ் நான்கு தளங்களில் நான்கு பெயரில் விற்பனையாவதும் நடக்கிறது. பதிவு செய்யும் முன் வண்டியை உண்மையில் ஓட்டுவது யார் என்று பாருங்கள். விலை வித்தியாசத்தைவிட ரத்து விதியில் இருக்கும் வித்தியாசம் பெரிதாக இருக்கும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். மதியச் சாப்பாடு டூரில் சேர்ந்தது என்கிறார்கள். நம்பலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சாப்பாடு சேராத டூரை எடுங்கள். சுன்சியோன் பக்கத்துச் சிறப்பே டக்கல்பி என்ற கோழி வறுவல்தான், குழுவாகக் கூட்டிப்போகும் கடைகளில் அதுதான் இருக்கும். காய்கறிச் சூப் என்று தருவதிலும் நெத்திலிக் கருவாடு கொதித்திருக்கும். கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாயில் இறால், மீன் சாறு சேரும். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீனைக் கொண்டுவந்து வைப்பார்கள். மீன், இறால், முட்டை, மீன் சாறு எதுவும் கூடாது என்று கொரிய மொழியில் எழுதிய சீட்டு ஒன்றைக் கையில் வையுங்கள். சப்பாத்தி, ஊறுகாய், பழம் கட்டிக்கொண்டு போனால் நிம்மதி. தண்ணீரை ஃபிளாஸ்கில் கொண்டுபோங்கள், சாதாரண பாட்டில் தண்ணீர் அந்தக் குளிரில் குடிக்க முடியாத அளவு சில்லிட்டுவிடும்.

கேள்வி: சியோலில் படிக்கும் என் தங்கை, 'டூர் எதற்கு, ரயிலிலேயே போகலாம்' என்கிறாள். சரியா?
- ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நாமி தீவுக்கு மட்டும் என்றால் உங்கள் தங்கை சொல்வது சரி. சியோலின் யோங்சான் நிலையத்திலிருந்து ஐடிஎக்ஸ் விரைவு ரயிலில், தீவுக்குப் பக்கத்து ஊரான கப்யோங்குக்குச் சுமார் ஒரு மணி நேரம். இறங்கினால் படகுத்துறை பக்கம்தான், டாக்ஸியில் சில நிமிடம். செலவு டூரைவிடக் குறையும், தீவில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். சனி, ஞாயிறு ரயில் இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

விளக்குத் தோட்டத்தையும் அதே நாளில் பார்க்க வேண்டுமென்றால் கணக்கு மாறுகிறது. கப்யோங்கில் இடங்களைச் சுற்றி வரும் ஒரு பஸ் இருக்கிறது, ஆனால் தினமும் சில நடைகள்தான். இருட்டிய பிறகு தோட்டத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு வருவதுதான் சிக்கல். எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள், பஸ்ஸில் இடம் இருக்காது, டாக்ஸி கிடைக்காது, குளிரில் நிற்க வேண்டும். வாசலில் காத்திருக்கும் சூடான பஸ்ஸுக்குத்தான் அங்கே டூர்க் காசு கொடுக்கிறோம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அந்த வாரத்து அட்டவணையில் தங்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். அது ஏழு மணிக்கு முன் என்றால் டூரை வாங்கிவிடுங்கள்.