நாகப்பட்டினம் கடற்கரையில் கோள்களை அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி: நாகப்பட்டினத்தில் இருக்கிறோம். மாலையில் கடற்கரைக்குப் போனால் கடலுக்கு மேலே ஒன்று பளிச்சென்று தெரிகிறது. அது கோளா, நட்சத்திரமா என்று மகள் கேட்கிறாள். கோள் மின்னாது என்பார்கள், ஆனால் இது நன்றாகவே மின்னுகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? தொலைநோக்கி வாங்க வேண்டுமா?

பதில்: மின்னுகிறது என்பதற்காக அதைக் கோள் இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கோள் மின்னாது என்பது வானில் உயரத்தில் இருக்கும்போது சரி. அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது அதன் ஒளி பல மடங்கு தடித்த காற்றைக் கடந்து வருகிறது. கடலோரத்தில் அந்தக் காற்றில் ஈரமும் சேர்ந்திருக்கும். வியாழன்கூட அங்கே சிவந்து, துடித்துத்தான் தெரியும். அதனால் ஒரு மணி நேரம் பொறுங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. ஒரு மணி நேரத்தில் வானம் 15 பாகை நகர்கிறது, அதாவது ஒன்றரை முஷ்டி. அந்த உயரத்துக்கு வந்த பிறகும் வைரம்போல வெட்டி வெட்டி மின்னினால் அது நட்சத்திரம். பெரும்பாலும் சிரியஸாக இருக்கும். ஜனவரி, பிப்ரவரி மாலைகளில் தென்கிழக்கில் பலரை ஏமாற்றுவது அதுதான். ஒரே வரிசையில் நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் தெரிகின்றனவா பாருங்கள். அந்தக் கோட்டைத் தென்கிழக்காக நீட்டினால் சிரியஸில் போய் நிற்கும். அடங்கி, நிதானமாக ஒளிர்ந்தால் அது கோள்.

எந்தக் கோள் என்பதற்கு உங்கள் ஊரே பாதி விடை சொல்லிவிடுகிறது. உங்களுக்குக் கடல் கிழக்கே. வெள்ளி சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது, புதன் 28 பாகைக்கு மேல் விலகாது. ஆக, மாலையில் கடலுக்கு மேலே தெரிவது இந்த இரண்டில் எதுவாகவும் இருக்கவே முடியாது. வெண்மையாக, மிகப் பிரகாசமாக இருந்தால் வியாழன். செம்மஞ்சளாக இருந்தால் செவ்வாய். மங்கலான மஞ்சளாக இருந்தால் சனி. சூரியன் மேற்கே மறையும் நேரத்தில் இவற்றில் ஒன்று கிழக்கே எழுந்தால், அந்தக் கோள் பூமிக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்று பொருள். வியாழனுக்கு இது சுமார் 13 மாதத்துக்கு ஒருமுறை வரும், செவ்வாய்க்கு 26 மாதத்துக்கு ஒருமுறை. 2027 பிப்ரவரியில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன, அதுவும் வானில் பக்கத்துப் பக்கத்திலேயே. செவ்வாய் மகம் நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும். அந்த மாதத்தை மகளோடு சேர்ந்து நாள்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள்.

வெள்ளியையும் புதனையும் மாலையில் பார்க்கக் கடலுக்கு முதுகைக் காட்ட வேண்டும். ஊர் விளக்குகளைத் தாண்டி மேற்கே வயல்வெளிக்குப் போய்விடுங்கள். டெல்டா பூமி தட்டையானது, அடிவானம் வரைக்கும் மறைப்பு குறைவு. நம் ஊர்கள் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் கோள்கள் அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறி இறங்குகின்றன. ஐரோப்பாவில் புதனைப் பார்க்கப் படாதபாடு படுகிறார்கள். நமக்கோ, சரியான வாரத்தில் சூரியன் மறைந்து 40 நிமிடம் கழித்துப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கே கிடைத்துவிடும். வெள்ளி விடிவெள்ளியாக வரும் மாதங்களில் மறுபடியும் கடற்கரைதான் உங்கள் இடம்.

வீட்டில் பஞ்சாங்கம் இருக்கிறதா? அதையே வான வரைபடமாகப் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. நம் பஞ்சாங்கம் ராசிகளை நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுவதால், குரு எந்த ராசிக் கட்டத்தில் இருக்கிறதோ ஏறக்குறைய அந்த நட்சத்திரக் கூட்டத்திலேயே வானிலும் வியாழன் இருக்கும். குரு என்றால் வியாழன், சுக்கிரன் என்றால் வெள்ளி, அவ்வளவுதான். கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய ஐந்தையும் மகளுக்குப் பழக்கிவிட்டால், சூரியனும் சந்திரனும் போகும் பாதை அவளுக்கு மனப்பாடமாகிவிடும். கோள்களும் அந்தப் பாதையை விட்டு அதிகம் விலகாது. அந்தப் பாதையில் நேற்று வரை இல்லாத ஒரு பிரகாசமான புள்ளி நின்றால், அது கோள்தான். கேட்டையைச் செவ்வாய் என்று நினைத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே சிவப்பு.

அப்புறம், தொலைநோக்கி இப்போது வேண்டாம். 10×50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ. அகலம்) ஒன்று போதும். கரையில் ஏற்றி வைத்த படகு இருந்தால், படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அதன் விளிம்பில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு வியாழனைப் பாருங்கள். கை ஆட்டம் நின்றதும், நடுவில் சின்ன வட்டமும் அதன் இருபுறமும் ஒரே கோட்டில் ஊசிமுனை போன்ற புள்ளிகளும் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட நான்கு நிலவுகள் அவை. சில நாட்களில் மூன்றுதான் தெரியும், ஒன்று வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும். ஒரு நோட்டில் மகளை அந்தப் புள்ளிகளை வரையச் சொல்லுங்கள், மறுநாள் அதே நேரத்தில் மறுபடியும் வரையட்டும். புள்ளிகள் இடம் மாறியிருப்பதை அவளே கண்டுபிடிப்பாள். சனியின் வளையத்துக்குத்தான் தொலைநோக்கி தேவை, அதை ஓராண்டு கழித்து யோசிக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் பைனாகுலர் கண்ணாடியைத் துணியால் துடைக்காதீர்கள். கடல்காற்றின் உப்பும் மணல்துகளும் ஒட்டியிருக்கும், தேய்த்தால் கீறிவிடும். முதலில் காற்றுப் பம்பால் ஊதித் தூசியைப் போக்குங்கள். பிறகு லென்ஸுக்கான திரவத்தில் நனைத்த துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள்.