படத்தில் கண்ட அறையே கிடைக்குமா?

கேள்வி: அறைக்கு அறை வடிவமைப்பு மாறும் நகரத்து பூட்டிக் ஹோட்டல் (தனித்துவமான வடிவமைப்புள்ள சிறு ஹோட்டல்) ஒன்றில், வயதான என் தாயாருடன் இரண்டு இரவுகள் தங்க விரும்புகிறேன். முன்பதிவுத் தளத்தில் பார்த்த அறையே எங்களுக்குக் கிடைக்குமா? சில படங்களில் குளியலறைக்குச் சுவரே இல்லாமல் வெறும் கண்ணாடி தெரிவதும் கவலையளிக்கிறது.

பதில்: கிடைக்கும் என்று நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். முன்பதிவுத் தளத்தில் நீங்கள் பணம் கட்டுவது ஓர் அறை வகைக்குத்தான். அவ்வகையில் அடங்கும் எந்த அறையையும் ஹோட்டல் உங்களுக்கு ஒதுக்கலாம். எல்லா அறைகளும் ஒன்றுபோலிருக்கும் பெரிய ஹோட்டல்களுக்காக ஏற்பட்ட முறை இது. ஆனால் கோபன்ஹேகனில் 2005-இல் திறக்கப்பட்ட ஹோட்டல் ஃபாக்ஸின் 61 அறைகளை 21 கலைஞர்கள் தத்தம் போக்கில் அமைத்தார்கள். அதே ஆண்டு மாட்ரிட்டில் திறக்கப்பட்ட புவெர்த்தா அமெரிக்கா ஹோட்டலில், கட்டடக் கலைஞர் சாஹா ஹதீத் வடிவமைத்த முதல் தளத்தில் சுவரும் கட்டிலும் வளைந்து ஒன்றோடொன்று இணைகின்றன. இன்னொரு கட்டடக் கலைஞரான நார்மன் ஃபாஸ்டரின் இரண்டாம் தளமோ முற்றிலும் வேறு. இத்தகைய இடங்களையும் நான்கைந்து வகைகளுக்குள் திணித்து, இருப்பதிலேயே அழகான அறையின் படத்தை மேலே வைத்து, 'படங்கள் மாதிரிக்கு மட்டுமே' என்று அடியில் பொடி எழுத்தில் போட்டுவிட்டுத் தளங்கள் தப்பித்துக்கொள்வதை இத்தனை காலமாக யாரும் தட்டிக்கேட்காதது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. நட்சத்திரத் தகுதியும் இதில் உதவாது. கழிவறைக்குக் கதவு உண்டா என்பதை அது உங்களுக்குச் சொல்லாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஓர் அறைக்குத் தனிப்பெயர் சூட்டி, அந்தப் பெயரிலேயே தனி வகையாக விற்றால், நீங்கள் அந்த அறையையே உரிமையோடு கேட்கலாம். ஆனால் அப்பெயரில் ஓர் அறைதான் உள்ளதா, ஒரே பெயரில் இரண்டு மூன்று உள்ளனவா என்பதைக் கேட்டறிய வேண்டும். ஒன்றுதான் என்றாலும், பழுதுபார்ப்புக்காக அதை மூட நேர்ந்தால் எந்த அறை தரப்படும் என்பதையும், அது பிடிக்காவிட்டால் கட்டணமின்றி ரத்துசெய்ய இயலுமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இடைத்தரகர்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஹோட்டலின் பெயரைத் தேடும்போது மேலே வரும் விளம்பரங்களில், ஹோட்டலின் சொந்தத் தளம் போலவே தோற்றம் காட்டும் மறுவிற்பனைத் தளங்களும் கலந்திருக்கும். அவற்றின் தொலைபேசியை எடுப்பவர் ஹோட்டல் ஊழியர் போலவே பேசி, ரத்துசெய்ய முடியாத பதிவை உங்கள் தலையில் கட்டிவிடுவார். அறைகளை மொத்தமாக வாங்கி விற்கும் வியாபாரியிடமிருந்து பல கை மாறி வரும் அறையானால், 'சிறப்புக் கோரிக்கை' என்ற கட்டத்தில் நீங்கள் எழுதியது வரவேற்பு மேசையைச் சென்றடையும் என்பதற்கு உறுதியில்லை. சென்றடைந்தாலும் அது வேண்டுகோள் மட்டுமே. ஆகவே ஹோட்டலுக்கே நேராக மின்னஞ்சல் எழுதுங்கள். அறை எண்ணைக் குறிப்பிட்டு 'உறுதி' என்று பதில் வந்த பிறகே பணம் கட்டுங்கள். 'முயற்சி செய்கிறோம்' என்ற பதிலை ஏற்க வேண்டாம்.

கண்ணாடிக் குளியலறை பற்றிய உங்கள் கவலை நியாயமானது. இவ்வகை ஹோட்டல்களில், அறை பெரிதாகத் தோன்றவும் வெளிச்சம் உள்ளே வரவும் சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைக்கிறார்கள். தம்பதியரை மட்டும் மனத்தில் கொண்டு அமைத்த அறையில் தாயும் பிள்ளையும் தங்குவது சங்கடம்தான். கழிவறைக்கு மறைவான தனிக் கதவு உண்டா, கண்ணாடிக்குத் திரை உண்டா, அத்திரையை உள்ளிருந்து இழுக்க முடியுமா என்று அந்த மின்னஞ்சலிலேயே கேளுங்கள். தனித்தனிக் கட்டில்கள் உண்டா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அழகுக்காக அறையின் நடுவே வைத்த ஒற்றைப் படியும், தரையோடு தாழ்ந்த கட்டிலும், பிடிமானமில்லாத உயரமான குளியல் தொட்டியும், மங்கலான விளக்கும் உங்கள் தாயாருக்குக் கண்ணாடியைக் காட்டிலும் ஆபத்தானவை; அவை பற்றிக் கேட்கத் தவறாதீர்கள்.

போய்ச் சேர்ந்ததும், பெட்டிகளை மேலே அனுப்புவதற்கு முன் அறையைக் காட்டச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் உறுதியளித்ததற்கு மாறாக இருந்தால் அப்போதே வரவேற்பு மேசையில் அதைக் காட்டி மாற்று அறை கேளுங்கள். ஓர் இரவு தங்கிவிட்டுக் கேட்டால் உங்கள் வாதம் எடுபடாது.