பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கு எத்தனை கருவிகள் வேண்டும்?

“பேண்டில் பேஸ் வாசிக்கும் ஒருவருக்கு உண்மையில் எத்தனை கிட்டார்கள் தேவை? கருவிகளை வாங்கிச் சேர்க்கும் ஆசை, வாசிப்பதற்கான நேரத்தையும் பணத்தையும் விழுங்கிவிடாதா?” என்பது கேள்வி.

மேடையில் வாசிப்பவருக்கு இரண்டு வேண்டும்: வாசிப்பதற்கு ஒன்று, அது பழுதானால் எடுத்துக்கொள்வதற்கு இன்னொன்று. அதற்கு மேல் வாங்குவது விருப்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அந்த விருப்பம் கடையில் பிறந்ததா, ஒத்திகையில் பிறந்ததா என்று பார்க்க வேண்டும் என்பேன். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் வாழ்கிறேன். திருமண வரவேற்புகளில் தமிழ்த் திரைப்பாடல்கள் வாசிக்கும் பேண்டு, கோவிலில் பஜனை பாடும் குழு, ஜாஸ் வாசிக்கும் நண்பர்கள் என்று வெவ்வேறு கூட்டங்களோடு பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். என் வீட்டில் இருக்கும் பேஸ் கிட்டார்கள் ஒவ்வொன்றும் இந்தக் கூட்டங்களில் ஏதோ ஒன்றின் தேவையால்தான் வந்து சேர்ந்தன. அவற்றை நான் மிகவும் நேசிக்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை.

பேஸ் கிட்டாரைத் தனி அறையில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்து அதன் தரத்தை முடிவு செய்ய முடியாது. தனியாகக் கேட்கும்போது ஆழமாகவும் இனிமையாகவும் ஒலிக்கும் கருவி, டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்த உடனே காணாமல் போய்விடுவதுண்டு. தனியாகக் கேட்கும்போது கரகரப்பாகத் தோன்றும் கருவி, பேண்டுக்குள் சரியாக உட்கார்ந்துகொள்வதும் உண்டு. ஆகவே பேஸ் வாசிப்பவருடைய சேகரிப்பு அவர் எந்த மனிதர்களோடு வாசிக்கிறார் என்பதைப் பொறுத்தே அமையும்.

முதலில் ஒருவர் வாங்க வேண்டியது எது என்று கேட்டால், ஃபெண்டர் நிறுவனம் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸின் வடிவத்தில் அமைந்த ஒன்றைத்தான் சொல்வேன். அதே நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த வடிவத்தைப் பின்பற்றிக் குறைந்த விலையில் வரும் நல்ல கருவிகள் ஏராளம். அதுவரை நின்றுகொண்டு வாசிக்க வேண்டியிருந்த பெரிய டபுள் பேஸைத் தோளில் மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுருக்கி, கழுத்தின் குறுக்கே ஃப்ரெட்டுகள் எனும் உலோகக் கம்பிகளைப் பதித்து, விரலை எங்கே வைத்தால் சரியான சுரம் வரும் என்ற ஐயத்தைப் போக்கியதுதான் லியோ ஃபெண்டர் செய்த பெரிய காரியம். அவர் தேர்ந்தெடுத்த 34 அங்குலத் தந்தி நீளமே இன்றுவரை பெரும்பாலான பேஸ் கிட்டார்களின் அளவாக இருக்கிறது. 1957-இல், தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் அதன் பிக்கப் இரண்டு துண்டுகளாகப் பிரிக்கப்பட்ட பிறகு, மின்சாரத்தின் இரைச்சலும் அடங்கிவிட்டது. 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்புகள் உண்டு. கழுத்தின் தலைப்பக்கம் ஒடுக்கமாக இருப்பதால் சிறிய கைகளுக்கு வசதியானது. ஆனால் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்து வாசித்தால், மேடை விளக்குகளின் இரைச்சல் அதில் கேட்கும். இரண்டையும் முழு ஒலியில் திறந்தால் அந்த இரைச்சல் மறையும்.

திருமண பேண்டில் எனக்கு நேர்ந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழ்ப் பாடல் வாசிக்கும் பேஸ் கலைஞருக்கு மேலைநாட்டுப் பயிற்சிப் பாடங்களில் இது கிடைக்காது. எங்கள் குழுவில் டிரம்ஸோடு மிருதங்கமும் உண்டு. மிருதங்கத்தின் வலந்தலை பாடகரின் ஆதார சுருதிக்குச் சேர்க்கப்பட்டிருக்கும். ரவைப் பசை ஒட்டிய இடப்பக்கமான தொப்பியோ அதற்கு வெகு கீழே, பேஸ் கிட்டார் குடியிருக்கும் அதே பகுதியில் முழங்கும். மிருதங்கக் கலைஞர் மணிக்கட்டை அழுத்திக் கும்கி கொடுக்கும்போது அந்த ஒலி வழுக்கிக்கொண்டு மேலேறும். அந்த நேரத்தில் பேஸில் ஒரு நீண்ட சுரம் ஒலித்துக்கொண்டிருந்தால் இரண்டும் மோதி, கேட்பவர்களுக்கு வெறும் இரைச்சலாகப் போய்ச் சேரும். ஒலியைக் குறைத்தால் பாட்டின் அடித்தளம் போய்விடும். ஆகவே செய்ய வேண்டியது சுரத்தின் நீளத்தைக் குறைப்பதே. வட்டக் கம்பி சுற்றிய தந்திகள் நெடுநேரம் கணகணவென்று ஒலிக்கும். தட்டைக் கம்பி சுற்றிய தந்திகள் தொடக்கத்தில் ஒரு தட்டல் கொடுத்துச் சீக்கிரம் அடங்கும். நான் பிரிசிஷன் வடிவக் கருவி ஒன்றில் தட்டைக் கம்பித் தந்திகளைப் பூட்டி, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்திகளுக்கு அடியில் சிறு பஞ்சுத் துண்டையும் வைத்துக்கொண்டேன். லியோ ஃபெண்டரின் தொடக்ககாலக் கருவிகளிலேயே பிரிட்ஜை மூடும் உலோக மூடிக்குள் இதற்கான பஞ்சு வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கிட்டார் வந்த பிறகு மிருதங்கமும் பேஸும் மாறிமாறிப் பேசிக்கொள்வதைப் போலக் கேட்கத் தொடங்கியது. அதை வேறு எந்த வேலைக்கும் எடுப்பதில்லை. அது வீண் என்று ஒருபோதும் நினைத்ததில்லை.

ஐந்து தந்திப் பேஸ் என் வீட்டுக்கு வந்ததற்கும் ஒரு பாடகர்தான் காரணம். அவருடைய சுருதி ஒரு கட்டை, அதாவது மேலை இசையின் சி சுரம். நான்கு தந்திப் பேஸின் அடித்தந்தி ஈ. அதன் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போக வழியில்லாததால், ஒரு கட்டைப் பாட்டில் சட்ஜத்தை ஏ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில், 65 ஹெர்ட்ஸில்தான் தொட முடியும். பாட்டு முடிந்து சட்ஜத்தில் இறங்கும் இடத்தில் தரை எட்டாத உணர்வு வரும். ஐந்தாம் தந்தியான பி சுமார் 31 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. அதன் முதல் ஃப்ரெட்டிலேயே கீழ்ச் சட்ஜம் கிடைத்துவிடுகிறது. ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண் பாடகர்களோடு மட்டும் வாசிப்பவருக்கு இது தேவைப்படாமலே போகலாம். வாங்கும்போது அந்தக் கடைசித் தந்தி தொளதொளவென்று இல்லாமல் இறுக்கமாக ஒலிக்கிறதா என்பதை மட்டும் கவனமாகப் பாருங்கள்; சில நிறுவனங்கள் அதற்காகவே தந்தி நீளத்தை 35 அங்குலமாக வைக்கின்றன.

ஃப்ரெட் இல்லாத பேஸை நான் நெடுநாள் ஆசைப்பட்டு வாங்கினேன். அந்த ஆசைக்கு விதை போட்டவர் சோவெட்டோவைச் சேர்ந்த பேஸ் கலைஞர் பகித்தி குமாலோ. 1986-இல் அமெரிக்கப் பாடகர் பால் சைமன் வெளியிட்ட ‘கிரேஸ்லேண்ட்’ தொகுப்பில் அவர் வாசித்த ஃப்ரெட் இல்லாத பேஸை உலகமே கேட்டது. அதில் ஒரு பாட்டின் நடுவில் வரும் சிறு தனி வாசிப்பின் பிற்பாதி, முற்பாதியின் ஒலிப்பதிவை அப்படியே பின்னோக்கித் திருப்பிச் சேர்த்தது என்பதை அறியாமல், கையாலேயே அதை வாசித்துப் பழகிய இளைஞர்களை எனக்குத் தெரியும். அந்த உழைப்பு அவர்களுக்கு நன்மையே செய்தது. கோவில் பஜனைக் குழுவில், கமகத்தோடு பாடுகிறவருக்குப் பின்னால் ஃப்ரெட் உள்ள பேஸ் படிக்கட்டில் நடப்பதைப் போல ஒலிக்கும். ஃப்ரெட் இல்லாதது பாடகரோடு சேர்ந்து அசையக்கூடியது. ஆனால் காந்தாரமும் நிஷாதமும் சிறிது பிசகினாலும் எல்லோருக்கும் கேட்டுவிடும். ஆகையால் சட்ஜமும் பஞ்சமமும் தூண்களாக நிற்க, மற்ற சுரங்களை மிகுந்த அடக்கத்தோடு தொட்டுச் செல்வதே என் பழக்கம்.

இந்த நாட்டில் பேஸ் வாசிப்பது தனிப் பெருமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ம்பகாங்கா எனும் தென்னாப்பிரிக்க நடன இசையில் பேஸ் பின்னால் ஒளிந்துகொள்வதில்லை. ஜோசஃப் மக்வேலா போன்றவர்கள் அதை முன்னால் நடந்து போகும் மெட்டாகவே வாசித்தார்கள். எங்கள் டர்பனிலேயே, கேட்டோ மேனரில் பிறந்தவர் பேஸ் கலைஞர் சிஃபோ குமேதே. சகிலே குழுவில் வாசித்த அவர் 2004-இல் மறைந்தார். இந்தியக் குடும்பங்களும் ஆப்பிரிக்கக் குடும்பங்களும் அருகருகே வாழ்ந்த இடம் கேட்டோ மேனர்; குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிச் சட்டத்தால் அது கலைக்கப்பட்டு, எங்கள் தாத்தாக்களில் பலர் சாட்ஸ்வர்த்துக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். அதனால் குமேதேயின் வாசிப்பு எனக்கு அயலாருடைய இசையாகத் தோன்றியதே இல்லை. திரைப்பாடலுக்கு வாசிக்கும்போது இளையராஜாவிடம் கற்றதும் ம்பகாங்காவிடம் கற்றதும் என் விரல்களில் ஒன்றாகவே வருகின்றன. இரண்டு இசையிலும் பேஸ் தனக்கென்று ஒரு பாட்டைப் பாடுகிறது.

ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் சேர்ப்பதைவிடக் குறைப்பதே நல்லது. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி போன்ற 300 வாட் வால்வ் ஆம்ப்ளிஃபயரின் ஒலியை நான் உயிராக மதிக்கிறேன். ஆனால் அதன் தலைப்பகுதி மட்டுமே ஏறக்குறைய 39 கிலோ எடையுள்ளது. அதையும் எட்டு ஸ்பீக்கர் கொண்ட பெட்டியையும் பக்கி எனும் சிறு சரக்கு வண்டியின் பின்புறம் ஏற்றி, மாடியில் இருக்கும் மண்டபத்துக்குத் தூக்கிச் செல்ல ஆட்கள் வேண்டும். இன்றைய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்கள் மூன்று கிலோவுக்குள்ளேயே 500 வாட் தருகின்றன. எட்டு ஓம் பெட்டிகள் இரண்டை வைத்துக்கொண்டால், சிறிய இடத்துக்கு ஒன்றும் பெரிய இடத்துக்கு இரண்டுமாக எடுத்துச் செல்லலாம். இரண்டையும் சேர்த்து இணைக்கும்போது மின்சுமை நான்கு ஓமாகும். உங்கள் ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டாரின் ஒலியை மண்டபத்தின் ஒலியமைப்புக்கு நேராக அனுப்பும் நல்ல டிஐ பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும், ஏனெனில் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் அதன் வழியாகப் போகும் ஒலியைத்தான்.

எங்கள் வட்டார மண்டபங்கள் பல சிமெண்டுச் சுவரும் பளபளப்பான தரையும் கொண்டவை. ஏதோ ஒரு சுரத்தில் மண்டபமே அதிரும், அடுத்த சுரத்தில் ஒன்றும் கேட்காது. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் மேல். சுவர்களுக்கு இடையே உள்ள தூரம் அதோடு ஒத்துப்போகும் இடத்தில் இப்படி நேரும். இதற்குப் புதிய கருவி வாங்கிப் பயனில்லை. பெட்டியைச் சுவர் மூலையிலிருந்து விலக்கி வைத்து, மேடைப் பலகையிலிருந்து சற்று உயர்த்தி, அதிரும் பகுதியை மட்டும் ஈக்வலைசரில் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து மலிவாகக் கிடைக்கிறதென்று 120 வோல்ட் ஆம்ப்ளிஃபயரை வாங்குகிறவர், மின்மாற்றியின் விலையையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். லோட் ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டுகளில் வரவேற்பு நடுவே விளக்கணைந்து ஜெனரேட்டருக்கு மாறுவது சாதாரணமாக இருந்தது. அப்போதெல்லாம் இரைச்சல் இல்லாத பிக்கப் கொண்ட கிட்டாரை எடுத்துப் போனவர்கள் நிம்மதியாக வாசித்தார்கள். ஒலியை உள்ளேயே பெருக்கும் ஆக்டிவ் சுற்று உள்ள பேஸ்களுக்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். கேபிளைச் செருகியே வைத்திருந்தால் வாசிக்காதபோதும் அது தீர்ந்துகொண்டிருக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள்.

கருவிகள் பல இருந்தால் பராமரிப்பும் பல மடங்காகும். டர்பனின் கோடைக்காற்றில் ஈரமும் உப்பும் மிகுதி. தந்திகள் துருப்பிடிக்கும், மரக் கழுத்து வளையும், பருவம் மாறும்போது கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் எனும் கம்பியைக் கால் சுற்றுச் சுற்றித் திருத்த வேண்டியிருக்கும். புரட்டாசி மாதத்தில் விரதம் காரணமாக எங்களவர் திருமணங்கள் நடப்பதில்லை. அந்த மாதத்தை நான் இந்த வேலைக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் துடைத்து, ஃப்ரெட் பலகைக்கு எண்ணெய் இட்டு, முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்தி நடுவில் இடைவெளி எவ்வளவு என்று பார்க்கும்போது எனக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி, மேடையில் கிடைப்பதற்குக் குறைந்ததன்று. இந்த அளவுக்கு நேரம் ஒதுக்க முடியாதவர் மூன்றாவது கருவியை வாங்காமல் இருப்பதே நல்லது.

உங்கள் கையில் இப்போது பணம் இருந்தால், முதலில் உள்ள கிட்டாரையே நல்ல கைவினைஞரிடம் கொடுத்துச் செட்டப் செய்துகொள்ளுங்கள். பிறகு அகலமான தோள்வார், நம்பகமான கேபிள்கள் இரண்டு, ட்யூனர், புதிய தந்திகள். அதன் பிறகும் உங்கள் பேண்டின் பாடல்களில் ஏதோ ஓர் இடம் நீங்கள் நினைத்தபடி ஒலிக்கவில்லை என்றால், அது கை செய்ய வேண்டியதா கருவி செய்ய வேண்டியதா என்பதை டிரம்ஸ் வாசிப்பவரிடம் கேளுங்கள். உங்கள் ஒலியை உங்களைவிட நன்றாகக் கேட்பவர் அவர்தான். கருவிதான் என்று அவரும் சொன்னால், வாங்க நினைக்கும் பேஸை யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு முழு ஒத்திகையில் வாசித்துப் பாருங்கள். அந்தப் பாட்டின் அந்த இடம் அதில் சரியாக வந்தால், தயங்காமல் வாங்குங்கள்.