‘அன்அசெய்லபிள்’ என்றால் என்ன?

கிரிக்கெட் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் ஆங்கிலச் சொல் இது. தாக்கி வீழ்த்த முடியாதது, அசைக்க முடியாதது என்று பொருள். பாய்வதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. தாக்குதலைச் சொல்லும் ‘அசால்ட்’டுக்கும் அதே வேர்தான். ஆக, மேலே பாய வழியே இல்லாத நிலை.

தாயம் ஆடியவர்களுக்கு எளிதில் புரியும். மலையில் உட்கார்ந்துவிட்ட காயை எதிராளி வெட்ட முடியாது. என்ன விழுந்தாலும், பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் மோதும் டெஸ்ட் தொடர் ஆஷஸ். 2021-22 ஆஷஸில் மெல்போர்ன் டெஸ்டோடு ஆஸ்திரேலியா 3-0 என்று முன்னிலை பெற்றது. மீதம் இரண்டே டெஸ்டுகள். இரண்டையும் இங்கிலாந்து வென்றிருந்தாலும் தொடர் கைக்கு வந்திருக்காது. அந்த முன்னிலைக்குத்தான் இந்த அடைமொழி. மறுக்க இடமில்லாத வாதம், யாரும் குறைசொல்ல முடியாத நேர்மை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். சாதாரணப் பேச்சில் போட்டால் கொஞ்சம் மிடுக்காகத் தெரியும்.

‘மிகப் பெரிய’ என்பதற்கு மாற்றுச்சொல்லாகப் பலர் இதை எழுதிவிடுகிறார்கள். ஐந்து ஆட்டத் தொடரில் 2-0 பெரிய முன்னிலைதான், ஆனால் எதிரணி இன்னும் மூன்றையும் வெல்லலாம் என்பதால் அங்கே இந்தச் சொல் செல்லாது.