கேள்வி நேரம்: கிறிஸ்டோபர் பிளம்மர்

கேள்வி: ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தில் ஏழு குழந்தைகளின் தந்தையாக வந்த கிறிஸ்டோபர் பிளம்மர் அதன்பின் என்ன ஆனார்? – வாசகி, காரைக்குடி

பதில்: அந்த 1965 படத்தைத் தாண்டி அவரைத் தெரியாது என்பவர்களே அதிகம். மனிதருக்கோ பல ஆண்டுகள் அந்தப் படத்தைக் கண்டாலே ஆகாமல் இருந்தது. பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லாமல் கேலி செய்துவந்தார். அதில் அவர் பாடுவதாக நீங்கள் கேட்டு உருகியது பில் லீ என்பவரின் குரல் என்பது கூடுதல் கொடுமை.

பிளம்மர் மேடைக்காரர். 1929இல் டொரன்டோவில் பிறந்து மொன்ட்ரியால் பக்கம் வளர்ந்தவர். கனடாவின் பிரதமராக இருந்த ஜான் அபட்டின் கொள்ளுப்பேரன். ஒன்டாரியோ மாகாணத்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் 1953இல் பெரிய கூடாரம் அடித்து ஷேக்ஸ்பியர் நாடக விழா தொடங்கினார்கள். 1956இல் அங்கே ஐந்தாம் ஹென்றி மன்னராக நின்றார் பிளம்மர். ஒருநாள் சிறுநீரகக் கல் அவரைப் படுக்கையில் தள்ள, மாற்று நடிகராக இருந்த இளைஞர் ஒத்திகைகூட இல்லாமல் மேடையேறினார். பிளம்மர் நின்று பேசிய இடத்தில் அவர் உட்கார்ந்து பேசினாராம். நகல் எடுக்காமல் தன் வழியில் நடித்த அந்த இளைஞர்தான், பின்னாளில் ‘ஸ்டார் ட்ரெக்’ விண்வெளித் தொடரில் கேப்டனாக வந்த வில்லியம் ஷாட்னர். ‘இவன் பெரிய நட்சத்திரமாகிவிடுவான்’ என்று அன்றே புரிந்துவிட்டதாகப் பிளம்மர் பின்னாளில் சொன்னார். 1991இல் ஒரு ‘ஸ்டார் ட்ரெக்’ படத்தில் ஷாட்னருக்கு எதிரியாக வந்து, ஷேக்ஸ்பியர் வசனமாகப் பொழிந்து தள்ளினார். நல்ல பழிவாங்கல்!

கேள்வி: அவருக்கு 82 வயதில் ஆஸ்கர் கொடுத்தது நடிப்புக்கா, வயதுக்கா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் குசும்பு புரிகிறது. ‘பிகினர்ஸ்’ படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம். மனைவி இறந்தபின், எழுபத்தைந்து வயதில், தான் ஒரு ஓரினச் சேர்க்கையாளர் என்று மகனிடம் சொல்லும் தந்தை வேடம். அழுது வடியாமல், புதுச் சட்டை வாங்கிய பையனின் உற்சாகத்தோடு செய்திருப்பார். 2012இல் விருதை வாங்கியதும், அந்தச் சிலையைப் பார்த்து, ‘என்னைவிட உனக்கு இரண்டு வயதுதான் அதிகம், அன்பே’ என்றார்.

வயதுக்காகத்தான் என்றால் 2017க்கு என்ன சொல்வீர்கள்? ‘ஆல் தி மணி இன் தி வேர்ல்ட்’ படம் முடிந்து வெளியாகக் காத்திருந்த நேரத்தில், அதில் நடித்திருந்த கெவின் ஸ்பேசி மீது பாலியல் புகார்கள் எழுந்தன. அவர் நடித்த காட்சிகளைத் தூக்கிவிட்டு, கோடீஸ்வரர் ஜே. பால் கெட்டி வேடத்துக்குப் பிளம்மரை அழைத்தார் இயக்குநர் ரிட்லி ஸ்காட். ஒன்பதே நாளில் நடித்து முடித்தார். இம்முறை மாற்று நடிகர் அவர்! அதற்கும் 88 வயதில் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

கேள்வி: அவர் நடித்ததில் எதை முதலில் பார்க்கலாம்? – கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பஸ்ட்’ நாடகம். 2010இல் அதே ஸ்ட்ராட்ஃபோர்டில், எண்பது வயதில் அதன் நாயகனான மந்திரவாதி பிராஸ்பெரோவாக அவர் நடித்ததை அப்படியே படம்பிடித்திருக்கிறார்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் முதல் அரைமணி நேரம் வசனத்தை விட்டுவிடுங்கள். அவர் எங்கே மூச்சு விடுகிறார், எந்தச் சொல்லை மெதுவாக இறக்குகிறார் என்று மட்டும் கவனியுங்கள்.