ஒரு வயதுக் குழந்தைக்கு இஜாஸாவா?

கேள்வி: டமாஸ்கஸில் வாழ்ந்த ஸைனப் பின்த் அல்-கமால் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஹதீஸ் (நபிமொழி) இஜாஸா பெற்றதாகப் படித்தேன். நம்புகிற மாதிரியா இருக்கிறது?

பதில்: நம்பலாம். இஜாஸாவைப் பட்டமாக நினைப்பதால்தான் குழப்பம். ஆசிரியர் முன் உட்கார்ந்து நூலைக் கேட்பது 'ஸமாஉ'. இஜாஸா என்பது 'இந்த நபிமொழிகளை என் வழியாக நீ அறிவிக்கலாம்' என்ற அனுமதி. நேரில் வராதவருக்கும் எழுதிக் கொடுப்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, வயது முதிர்ந்த அறிவிப்பாளர்களிடம் கையொப்பம் வாங்கி வைப்பார்கள்.

காரணம், கணக்கு. ஸைனப் பிறந்தது ஹிஜ்ரி 646. அவருக்கு இஜாஸா தந்தவர்களில் ஒருவரான பாக்தாத் அஜீபா (அவரும் பெண்தான்) 647-இல் இறந்துவிட்டார். ஸைனப் இறந்தது 740-இல். அந்தக் கடைசி ஆண்டுகளில் அவரிடம் பாடம் கேட்டவருக்கும் அஜீபாவுக்கும் இடையே ஒரே ஆள்! வேறு வழியில் போனால் இரண்டு மூன்று பேராவது வருவார்கள். ஆள் குறைந்தால் ஸனது (அறிவிப்பாளர் சங்கிலி) மதிப்பில் உயரும், கை மாறும்போது நுழையும் பிழையும் குறையும். பயணி இப்னு பதூதாவே ஹிஜ்ரி 726-இல் (கி.பி. 1326) டமாஸ்கஸ் வந்தபோது இவரிடம் இஜாஸா பெற்றார்.

ஆகவே பழைய ஏட்டில் ஒரு பெண்ணின் பெயரைப் பார்த்ததும் 'பேரறிஞர்' என்று எழுதிவிடாதீர்கள். ஏட்டின் ஓரத்திலோ கடைசியிலோ உள்ள ஸமாஉக் குறிப்பைப் படியுங்கள். பாடம் நடத்தியவர், வாசித்தவர், கேட்டவர்கள், இடம், நாள், யார் எந்தப் பகுதிக்கு வரவில்லை என்பதுவரை இருக்கும். பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு 'கேட்டார்' என்று போட மாட்டார்கள், 'வந்திருந்தார்' என்றுதான் போடுவார்கள்.

உழைத்துப் பெற்ற பெயருக்கு மக்காவின் கரீமா அல்-மர்வஸிய்யாவைப் பாருங்கள். ஸஹீஹுல் புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பைப் பாடம் சொன்னவர். மாணவர் தம் பிரதியை இவருடைய மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும்வரை இவர் விடமாட்டார். ஹதீஸ் அறிஞர் கதீப் அல்-பக்தாதி ஹஜ்ஜுக்குப் போனபோது ஐந்தே நாளில் முழு நூலையும் இவரிடம் வாசித்து முடித்தார்.

கேள்வி: உலகின் முதல் பல்கலைக்கழகத்தைக் கட்டியவர் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரிதானே?

பதில்: கி.பி. 859-இல் மொராக்கோவின் ஃபெஸ் நகரில் அவர் கட்டியதாகச் சொல்லப்படுவது கரவிய்யீன் பள்ளிவாசல். அங்கே கல்வி வளர்ந்து பெயர் பெற்றது பின்னால். அவர் கதையைச் சொல்லும் வரலாற்று நூலும் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கிட்டத்தட்ட ஐந்நூறு ஆண்டு இடைவெளி. மேடையில் பேசுகிறவர்கள் கரீமாவைச் சொல்லலாம். ஆதாரம் இன்னும் கெட்டி.